டிமோதியின் ஆறு வாரப் பட்டினி

ஐந்து உறுப்புகளையும் ஓட்டுக்குள் இழுத்துக்கொள்ளும் ஆமையை, அடக்கமுடைமை அதிகாரத்தில் ஐம்புல அடக்கத்துக்கு உவமையாக்கினார் வள்ளுவர். உவமை என்ற அளவில் அதற்கு நிகரான மற்றொன்றைக் காண்பது அரிது. ஆனால் அந்த ஆமைக்கு ஒரு நோவு வந்துவிட்டால், நாம் வியக்கும் அதே அடக்கம்தான் அதன் பகையாகிறது. ஆமை முனகுவதில்லை. வயிற்றைத் தொட்டுப் பார்க்கலாம் என்றால் வயிறு இருக்க வேண்டிய இடத்தில் எலும்புத் தகடு இருக்கிறது. நாயும் பூனையும் நோயுற்றால் ஒரே நாளில் வீட்டாருக்குத் தெரிந்துவிடும். ஆமையோ வாரக்கணக்கில் ஒரு மூலையில் அமர்ந்திருந்து, 'வழக்கம்போல் சும்மா இருக்கிறது' என்று வீட்டார் சொல்லிக்கொண்டிருக்கும்போதே இறந்துபோகும்.

இவ்வாறு ஓட்டுக்குள்ளேயே மறைந்து நின்ற துன்பங்களுள் எளியது மலச்சிக்கல். மனிதர்க்கு அது ஒரு நாள் தொல்லை. ஆமைக்கு அது உயிர்ப்பிரச்சினையாகலாம். வளர்ப்பு ஆமையின் இந்தத் துன்பத்தை மனிதன் எவ்வாறு மெல்ல மெல்லப் புரிந்துகொண்டான் என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. அவ்வரலாற்றின் நடுவில் இருப்பது 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் வாழ்ந்த ஓர் ஆமை. உலக இலக்கியத்தில் இத்தனை நுட்பமாகக் கவனித்து எழுதப்பட்ட வளர்ப்பு ஆமை வேறொன்று இல்லை எனலாம். அதன் பெயர் டிமோதி.

அரை கிரவுனுக்கு வாங்கிய ஆமை

1740ஆம் ஆண்டையொட்டிய காலத்தில், சிசெஸ்டர் நகரில் ஒரு மாலுமியிடமிருந்து ஹென்றி ஸ்னூக் என்பவர் அரை கிரவுன் கொடுத்து ஓர் ஆமையை வாங்கினார். மத்தியதரைக் கடலோர நிலத்தில் பிறந்த தரை ஆமை அது. சசெக்ஸ் மாவட்டத்தின் ரிங்மர் என்னும் ஊரில் அவருடைய வீட்டுத் தோட்டத்தில் அது வளர்ந்தது. அவருக்குப் பின் அவர் மனைவி ரெபெக்கா ஸ்னூக் அதைப் பேணி வந்தார். இந்த அம்மையாரின் அண்ணன் மகன்தான் கில்பர்ட் வைட்.

வைட் (1720-1793) ஹாம்ப்ஷயரின் செல்பர்ன் என்னும் சிற்றூரில் வாழ்ந்த பாதிரியார். தம் ஊரின் பறவைகள், மண்புழுக்கள், மழை, பனி என எல்லாவற்றையும் நாள்தோறும் குறித்துவைத்த மனிதர். அறிஞர்களாகிய தம் நண்பர்களுக்கு அவர் எழுதிய கடிதங்களின் தொகுப்பாக 'செல்பர்னின் இயற்கை வரலாறு' என்னும் நூல் 1789ஆம் ஆண்டைத் தாங்கி வெளிவந்தது. அன்று முதல் அச்சில் இல்லாமல் போகாத நூல்களுள் ஒன்றாக அதைக் குறிப்பிடுவர்.

அத்தையின் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் வைட் அந்த ஆமையைக் கவனித்தார். 1780ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் அத்தை மறைந்தபின் ஆமை அவருடைய பொறுப்பாயிற்று. மண்ணுக்குள் துயின்றுகொண்டிருந்ததைத் தோண்டி எடுத்தபோது அது சீறித் தன் வெறுப்பைக் காட்டியது. மண் நிரப்பிய பெட்டியில் வைத்து, குதிரை வண்டிகளில் 80 மைல் கொண்டுவந்தார்கள். வண்டியின் ஆட்டத்தில் முழுதும் விழித்துக்கொண்ட ஆமை, செல்பர்ன் தோட்டத்தில் விடப்பட்டதும் இருமுறை தோட்டத்தின் எல்லைவரை நடந்து பார்த்தது. மாலையில் குளிர் கூடியதும் இளகிய மண்ணுக்குள் மீண்டும் புதைந்துகொண்டது.

வைட் அதை எடைத்தட்டில் நிறுத்தார். ஆறு பவுண்டுக்குச் சற்று மேல் இருந்தது. காது கேட்கிறதா என்று அறிய ஒலிபெருக்குங் குழலை வைத்து அதனருகே கத்தினார், ஆமை அசையவில்லை. நீந்துமா என்று அறியத் தொட்டி நீரில் விட்டார். அது மெல்ல மூழ்கி, அடித்தளத்தில் கலக்கத்துடன் நடந்தது. அந்தத் தொட்டியை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்; மீண்டும் அதனிடம் வருவோம்.

1772ஆம் ஆண்டின் ஒரு கடிதம்

ஆமை இன்னும் அத்தையின் வீட்டில் இருந்தபோதே, 1772 ஏப்ரல் 12ஆம் நாள் டெய்ன்ஸ் பாரிங்டன் என்னும் நண்பருக்கு வைட் ஒரு கடிதம் எழுதினார். அதில் ஆமையின் ஓராண்டு வாழ்க்கை முழுவதும் அடங்கியிருக்கிறது. நவம்பர் நடுவில் மண்ணுக்குள் போகிறது. ஏப்ரல் நடுவில் வெளிவருகிறது. வெளிவந்த தொடக்கத்தில் உணவில் அதற்கு நாட்டமே இல்லை. கோடை முற்றும்போது பெருந்தீனி தின்கிறது. லெட்யூஸ், டேன்டிலையன் முதலிய பால் வடியும் செடிகளை விரும்பி உண்கிறது. கோடை தணியத் தணியப் பசியும் தணிகிறது. துயிலுக்கு முந்தைய ஆறு வாரங்களில் ஏறத்தாழ எதையும் உண்பதில்லை.

இந்த ஆறு வாரப் பட்டினியை வைட் ஒரு வியப்பாகக் குறித்தாரேயன்றி, அதன் காரணத்தை ஆராயவில்லை. ஆனால் அவர் கையில் இன்னொரு திறவுகோல் இருந்தது. 1780 ஏப்ரல் 21ஆம் நாளிட்ட கடிதத்தில், தாம் அதை எழுதிக்கொண்டிருக்கும்போதே ஈரமும் இளவெப்பமும் கலந்த ஒரு பிற்பகலில் வெப்பமானி 50 பாரன்ஹீட் பாகையைக் காட்டியதாகவும், நத்தைகள் கூட்டமாக வெளிவந்த அதே வேளையில் ஆமையும் மண்ணை முட்டிக்கொண்டு தலைநீட்டியதாகவும் சொல்கிறார். 50 பாரன்ஹீட் என்பது நம் கணக்கில் 10 செல்சியஸ். ஆமையையும் வெப்பமானியையும் ஒரே வாக்கியத்தில் சேர்த்து எழுதிய இந்தக் குறிப்புதான், என் கருத்தில், ஆமை மருத்துவத்தின் முதல் பாடம். அந்தப் பாடத்தைப் படிப்பதற்கு உலகம் இருநூறு ஆண்டுகள் எடுத்துக்கொண்டது.

வெயிலில் ஓடும் குடல்

பாலூட்டிகளாகிய நமக்கு உடலுக்குள்ளேயே ஓர் அடுப்பு எரிகிறது. பனியிலும் வெயிலிலும் நம் குடல் ஒரே வெப்பத்தில் வேலை செய்கிறது. ஆமைக்கு அந்த அடுப்பு இல்லை. அதன் அடுப்பு வானத்தில் இருக்கிறது. காலையில் வெயிலில் கிடந்து உடல் 30 செல்சியஸை நெருங்கிய பின்னரே மத்தியதரைத் தரை ஆமையின் குடல் நன்கு இயங்குகிறது. அது உண்பதோ நார் மிகுந்த இலை தழை. அந்த நாரைச் செரிக்கச் செய்வது பெருங்குடலில் வாழும் நுண்ணுயிர்கள். அவற்றுக்கும் வெப்பம் வேண்டும். நல்ல வெயில் காலத்திலேயே உண்டது வெளியேறப் பல நாட்கள் ஆகும். குளிரில் அது வாரங்களாக நீளும்.

எனவே வயிறு நிறைய உண்ட ஆமையைத் திடீரெனக் குளிரில் விட்டால் நேர்வது என்ன? உணவு நகராமல் அப்படியே தங்கி அழுகும். வாயு பெருகும், நஞ்சு பரவும். டிமோதியின் ஆறு வாரப் பட்டினி, குடலைக் காலி செய்துகொண்டு உறங்கப்போகும் இயற்கையின் ஏற்பாடு. இலையுதிர் காலத்தின் தணிந்த வெயில் அதன் பசியை முதலில் அணைக்கிறது. எஞ்சிய வெப்பம் உள்ளே இருப்பதைச் செரித்து வெளியேற்றப் போதுமானதாக இருக்கிறது. அதன் பின்னரே துயில்.

இரண்டாவது காரணி நீர். ஆமையின் சிறுநீர்ப்பை அதற்கு ஒரு குளம். நீர் கிடைக்காத நாட்களில் அங்கிருந்து நீரை உடல் திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது. சிறுநீர்க் கழிவு யூரிக் அமில உப்புகளாக, வெண்ணிறக் களிம்புபோல் வெளியேறுகிறது. நீர் வறட்சி நீடித்தால் அந்தக் களிம்பு இறுகும். சில ஆமைகளில் அது கல்லாகவே திரண்டுவிடும். மலமும் உலர்ந்து இறுகும். ஆகவே ஆமையின் அடைப்பு என்பது பெரும்பாலும் குளிரும் வறட்சியும் சேர்ந்து செய்யும் வேலை. நாரில்லாத தவறான உணவு, நடமாட இடமில்லாத சிறு கூண்டு, சுண்ணாம்புச் சத்துக் குறைந்து மண்ணையும் சரளைக்கல்லையும் விழுங்கும் பழக்கம் ஆகியன அவ்விரண்டுக்கும் துணைநிற்பவை.

ரொட்டியும் பாலும்

வைட் எழுதியதை இங்கிலாந்து வாசித்தது, ரசித்தது, ஆனால் ஆமை வளர்ப்புக்கு அதைப் பயன்படுத்தவில்லை. 20ஆம் நூற்றாண்டில் மொராக்கோ, துருக்கி, யூகோஸ்லாவியா ஆகிய நாடுகளிலிருந்து தரை ஆமைகள் கூடை கூடையாக வட ஐரோப்பியச் சந்தைகளுக்கு வந்து குவிந்தன. குழந்தைகளுக்கு ஏற்ற, செலவில்லாத விளையாட்டுத் துணை என்று அவை விற்கப்பட்டன. ஓட்டின் விளிம்பில் துளையிட்டுக் கயிறு கட்டித் தோட்டத்தில் விடுவது அன்று இயல்பான வழக்கம். ரொட்டியைப் பாலில் நனைத்துக் கொடுப்பது அன்பின் அடையாளம். தக்காளியும் வெள்ளரிக்காயும் கொடுத்தவர்கள் உண்டு; நாய்க்கான டின் உணவைக் கொடுத்தவர்களும் உண்டு. இலையுதிர் காலம் வந்ததும், அன்றுவரை தின்றுகொண்டிருந்த ஆமையை வைக்கோல் இட்ட பெட்டியில் வைத்துக் கொட்டகையில் போட்டுவிடுவார்கள். வசந்தத்தில் பெட்டியைத் திறந்தால் பல வீடுகளில் ஓடு மட்டுமே மிஞ்சியிருக்கும். கொண்டுவரப்பட்ட ஆமைகளில் பெரும்பகுதி முதல் ஓரிரு குளிர்காலங்களைத் தாண்டவில்லை.

இது கொடுமையால் நேர்ந்த சாவு அன்று. அறியாமையோடு கலந்த அன்பால் நேர்ந்த சாவு. அதனால்தான் அதைக் கண்டுகொள்ள அத்தனை காலம் பிடித்தது. ஆமை இறந்தால் இன்னோர் ஆமை வாங்குவது எளிது; விலை மலிவு.

மைக்கேல் லாம்பர்ட் என்பவர் 1969ஆம் ஆண்டு மொராக்கோவின் ஆமை வணிகத்தை ஆராய்ந்து எழுதியபோது, இந்த இழப்பின் மறுமுனை தெரியவந்தது. 1984ஆம் ஆண்டுத் தொடக்கத்திலிருந்து மத்தியதரைத் தரை ஆமைகளை வணிகத்துக்காக இறக்குமதி செய்வதற்கு ஐரோப்பியச் சமூகம் தடை விதித்தது. இத்தடைக்கு எதிர்பாராத ஒரு நற்பயனும் உண்டு. இருக்கும் ஆமை இறந்தால் அதே விலைக்கு இன்னொன்று வராது என்றான பின்னரே, இருப்பதை எப்படிக் காப்பது என்னும் அக்கறை பரவலாயிற்று.

மருத்துவ உலகிலும் அதே காலத்தில்தான் மாற்றம் தொடங்கியது. 1980ஆம் ஆண்டு ஆலிஃபன்ட் ஜாக்சன் என்னும் கால்நடை மருத்துவர், தரை ஆமையின் ஓட்டு நீளத்துக்கும் உடல் எடைக்கும் உள்ள உறவை அளந்து, அதைக்கொண்டு அதன் உடல்நலத்தை மதிப்பிடும் முறையை வெளியிட்டார். குளிர்காலத் துயிலுக்கு அனுப்பலாமா கூடாதா என்று தீர்மானிக்க அது கருவியாயிற்று. எடைத்தட்டை எடுத்துக்கொண்டு டிமோதியின் பின்னால் நடந்த வைட் தொடங்கிய வேலையின் தொடர்ச்சிதான் இது.

தொட்டி நீர், இம்முறை இளஞ்சூட்டில்

இப்போது அந்தத் தொட்டிக்குத் திரும்புவோம். ஆழமான நீரில் தரை ஆமையை விடுவது அதற்குத் துன்பம். அதே தொட்டியில் ஆழத்தைக் குறைத்து நீரை இளஞ்சூடாக்கினால், அடைப்பால் வருந்தும் ஆமைக்கு வீட்டிலேயே செய்யக்கூடிய முதன்மையான உதவி அதுவே.

இன்று தேர்ந்த வளர்ப்போர் பின்பற்றும் முறை எளிமையானது. அகலமான தட்டில், மேலோடும் கீழோடும் சேரும் கோட்டளவு நீர் நிரப்புவர். ஆமை தலையைத் தாழ்த்தாமல் இருந்தாலும் மூக்கு நீருக்கு மேலே இருக்க வேண்டும். நீரின் வெப்பம் 27 முதல் 30 செல்சியஸ் அளவில், கைக்கு இதமாக இருக்க வேண்டும். ஆறினால் மாற்ற வேண்டும். 15 முதல் 20 நிமிடங்கள் போதும். பல ஆமைகள் அந்த நீரிலேயே குடிக்கவும் செய்யும், கழிக்கவும் செய்யும். பின்னர் துடைத்து, வெயிலிலோ வெப்ப விளக்கின் கீழோ விடுவர். தரையில் நன்றாக நடக்கவிடுவர். நடை குடலை நகர்த்தும். நீர்ச்சத்து மிகுந்த இலைகளும், சிறிது பூசணியும் கொடுப்பர். சில நாட்கள் இவ்வாறு தொடர்ந்து செய்தால் குளிராலும் வறட்சியாலும் வந்த எளிய சிக்கல் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

செய்யக்கூடாதவை இரண்டு. விளக்கெண்ணெய், திரவப் பாரஃபின் போன்றவற்றை வாயில் ஊற்றுவது முதலாவது. அவை தவறி மூச்சுக்குழலுக்குள் போனால் நுரையீரல் கெடும். மலவாயில் எதையேனும் செருகித் தாமே எடுக்க முயல்வது இரண்டாவது. ஆமை பின்கால்களை உதைத்து முக்கிக்கொண்டே இருந்தாலோ, பின்கால்கள் வலுவிழந்தாலோ, உள்ளிருந்து சதை வெளியே தள்ளினாலோ, உண்ணாமல் சோர்ந்து கிடந்தாலோ வீட்டு வைத்தியத்தை நிறுத்திவிட்டு உடனே கால்நடை மருத்துவரிடம் போகவேண்டும்.

குளிர்காலத் துயிலுக்கு முன்னும் பின்னும் இதே நீர்த்தட்டு வருகிறது. வளர்ந்த ஆமைக்குத் துயிலுக்கு முன் மூன்று நான்கு வாரங்கள் உணவை நிறுத்தி, வெப்பத்தைப் படிப்படியாகக் குறைப்பர். ஆனால் நீரை நிறுத்தமாட்டார்கள். குடல் காலியாகவும் சிறுநீர்ப்பை நிறைந்தும் உறங்கப்போக வேண்டும் என்பது விதி. விழித்த ஆமைக்கு முதலில் கொடுப்பது உணவன்று, இளஞ்சூட்டு நீரே. குடித்து, தேங்கிய கழிவை வெளியேற்றிய பின்னரே பசி பிறக்கிறது. ஒரு வாரத்துக்குள் உண்ணத் தொடங்காவிட்டால் மருத்துவரை நாட வேண்டும். விழித்த டிமோதிக்கு உணவில் நாட்டமில்லை என்ற 1772ஆம் ஆண்டுக் குறிப்பை இந்த விதியின் அருகே வைத்துப் படித்துப் பாருங்கள்.

ஒரே வாயில், மூன்று சுமைகள்

இந்த வரலாற்றில் இன்னும் ஒரு திருப்பம் இருக்கிறது. 1793 ஜூன் 26ஆம் நாள் வைட் மறைந்தார். அடுத்த ஆண்டு வசந்தத்தில் டிமோதியும் இறந்தது. அதன் ஓடு இலண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்படுகிறது. பின்னாளில் அந்த ஓட்டை ஆராய்ந்தவர்கள் கண்டது: டிமோதி ஆணன்று, பெண்.

ஆண் தரை ஆமைக்குக் கீழோடு உட்குழிந்திருக்கும், வால் நீண்டிருக்கும். பெண்ணுக்குக் கீழோடு தட்டையானது, வால் சிறியது. இன்று ஒரு பார்வையில் தெரிவது அன்று தெரியவில்லை. மே, ஜூன் மாதங்களில் டிமோதி விடியற்காலையிலேயே எழுந்து, கால்களை உயர்த்தி நடந்து, தோட்டத்தின் வேலியெங்கும் வழி தேடுவதை வைட் கண்டார். காதல் வேட்கை என்று கருதினார். 1784ஆம் ஆண்டு அது வேலிக்கதவு வழியே வெளியேறி ஒரு வாரத்துக்கு மேல் காணாமலும் போயிற்று. இன்று ஆமை வளர்ப்போர் அந்த வரிகளைப் படித்தால் முட்டையிட இடம் தேடும் பெண் ஆமையின் அலைச்சல் நினைவுக்கு வராமல் போகாது.

டிமோதி தனியொரு சான்று அன்று. 1854ஆம் ஆண்டு ஒரு போர்த்துக்கீசியக் கப்பலில் கண்டெடுக்கப்பட்டு, எச்.எம்.எஸ். குவீன் போர்க்கப்பலின் செல்லப்பிராணியாகக் கிரிமியப் போரைக் கண்ட மற்றோர் ஆமைக்கும் டிமோதி என்றே பெயர். டெவன் பிரபுக்களின் பவுடர்ஹாம் கோட்டையில் வாழ்ந்த அதை 1926ஆம் ஆண்டு இனப்பெருக்கத்துக்கு விட முயன்றபோதுதான் பெண் என்று தெரிந்தது. ஏறத்தாழ 160 வயதில் 2004ஆம் ஆண்டு அது இறந்தது. பி.பி.சி. தொலைக்காட்சியின் 'புளூ பீட்டர்' சிறுவர் நிகழ்ச்சிக்கு 1963ஆம் ஆண்டு வந்த ஃபிரெட் என்னும் ஆமையும் பின்னர் ஃபிரெடா ஆயிற்று.

சிரிப்பை வரவழைக்கும் இச்செய்திக்கு மருத்துவத்தில் கூர்மையான பொருள் உண்டு. ஆமைக்கு மலம், சிறுநீர், முட்டை ஆகிய மூன்றுக்கும் வெளியேறும் வழி ஒன்றே. உயிரியலார் அதைப் பொதுப்புழை என்பர். எனவே இறுகிய மலத்தால் முக்கும் ஆமையும், சிறுநீர்ப்பைக் கல்லால் முக்கும் ஆமையும், முட்டை இட இயலாமல் முக்கும் ஆமையும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். ஆண் என்று நம்பப்படும் பெண் ஆமைக்கு முட்டைத் தேக்கம் வந்தால், வீட்டார் அதை மலச்சிக்கல் என்றே எண்ணி நீரில் வைத்துக்கொண்டிருப்பார்கள். ஆண் துணை இல்லாமல் தனியே வளரும் பெண் ஆமையும் கருவுறா முட்டைகளை உருவாக்கும் என்பதைப் பலர் அறிவதில்லை.

இந்த மயக்கத்தைத் தீர்த்தது எக்ஸ்-கதிர். 1895ஆம் ஆண்டு இராண்ட்ஜன் கண்டறிந்த அக்கதிர், ஓட்டையும் ஊடுருவிக் கல்லையும் முட்டையையும் விழுங்கிய சரளையையும் தனித்தனியே காட்டுகிறது. பின்காலின் முன்னுள்ள பள்ளத்தில் விரலை வைத்து மருத்துவர்கள் தடவிப் பார்ப்பதும் உண்டு. ஆமை உடலில் உட்புறத்தைத் தொட்டறிய வாய்த்த சிறு சாளரம் அது. முட்டைத் தேக்கத்துக்குச் சுண்ணாம்புச் சத்தும் ஆக்சிடோசின் ஊசியும் பயன்படுகின்றன. ஊசிக்கு இணங்காத முட்டைக்கும் பெரிய கல்லுக்கும் கீழோட்டில் சதுரமாக வெட்டித் திறந்து, வேலை முடிந்தபின் அத்துண்டை மீண்டும் பொருத்தி எபாக்சிப் பசையால் மூடும் அறுவை மருத்துவம் வந்துவிட்டது.

நம் நாட்டு வாசகர்களுக்கு ஒரு சொல். இந்திய நட்சத்திர ஆமையை வீட்டில் வளர்ப்பது 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தில் அது முதல் அட்டவணைக்கே உயர்த்தப்பட்டது. நோயுற்ற நட்சத்திர ஆமை கண்ணில் பட்டால் செய்ய வேண்டியது வைத்தியமன்று. வனத்துறைக்குத் தகவல் கொடுப்பதே.

சட்டப்படி தரை ஆமை வளர்க்கக்கூடிய நாடுகளில் வாழும் தமிழர்கள் இதைப் படிக்கக்கூடும். அவர்கள் வைட்டிடமிருந்து எடுத்துக்கொள்ளத்தக்கது ஒரு குறிப்பேடு. எந்த நாள் எவ்வளவு எடை, என்ன உண்டது, என்று கழித்தது, அன்று வெயில் எப்படி என்னும் நான்கே செய்திகள் போதும். மருத்துவர் முதலில் கேட்கும் கேள்விகளும் இவையே. ஆமை தன் நோயைச் சொல்லாது. அந்த நான்கு வரிகள் அதற்காகப் பேசும்.